சோல் ஒட்டாத சிவப்பு ஷூ

1

இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சுமதி வீடியோவில் வந்தாள். சுமதி என் அக்கா மகள். அவளுக்குக் கல்யாணமாகி இன்றோடு ஒரு வருஷம். ஆம்பூரில் கேக் வெட்டி, ஒரு துண்டைப் போன் கண்ணாடி மேலேயே அப்பி எங்களுக்கு ஊட்டினாள். இங்கே என் மகள் கங்கா வாயை அகலமாகத் திறந்து, மென்று, விழுங்குவது போல நடித்து, "சக்கரை கம்மி" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு வேலையில் மனசு ஓடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மாதனூர்ப் பக்கம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் தோலுக்கு நிறம் ஏற்றும் வேலை பார்த்தேன். அந்த வேலைதான் என்னை இத்தாலிக்கும் கூட்டிவந்தது. வடக்கே, மலையடிவாரத்தில், இதுவும் ஒரு தோல் ஊர். வந்த அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சை இழுத்ததும், 'இன்னாடா இது, வாணியம்பாடி ரோட்டுக்கே வந்துட்டோமா' என்றுதான் தோன்றியது. குளிர் வேறு, பேச்சு வேறு, வாசம் மட்டும் நம்முடையது.

என் காலைப்பொழுது இப்படி. எழுந்து குளித்து, சமையலறை அலமாரியில் இருக்கும் கெங்கையம்மன் படத்துக்கு விளக்கேற்றுவேன். பிறகு கங்காவின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு கணுக்காலை மெல்ல வளைத்து நீட்டிவிடுவேன். அவள் அந்த நேரம் பூராவும் போன் பார்ப்பாள். என் மனைவி செல்வி பக்கத்தில் நின்று தலை பின்னுவாள். "அப்பா காலு, அம்மா தலை. நடுவுல இருக்கறது மட்டும்தான் என்னுது" என்பாள் கங்கா.

அவளுக்கு இப்போது பதின்மூன்று வயசு. அவளுக்கு இருப்பது பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய். அட்டாக்சியா என்று சொல்லப்படும் வகை. ரொம்ப அபூர்வம். ஏழு வயசு வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். பிறகு சமதரையில் தடுக்கி விழ ஆரம்பித்தாள். பாதம் மேலே குவிந்து, உள்பக்கம் திரும்பிக்கொண்டது. கை நடுங்கும். பேச்சு மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு வார்த்தையையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பது போலப் பேசுவாள். இதயத்துக்கும் வருஷா வருஷம் சோதனை உண்டு. புத்திக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். ஆகவில்லை. வாய் இன்னும் ஜாஸ்தியாகத்தான் ஆகியிருக்கிறது.

நோய் மெல்ல மெல்லக் கூடும், திரும்பிப் போகாது. இது எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டு தினமும் அழுதுகொண்டிருக்க முடியாது. இட்லி மாவு அரைக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும், வீட்டுப்பாடம் இருக்கிறது.

2

செல்வி என் தாய்மாமன் மகள். நம்ம ஊரில் இதை யாரும் நின்று கேட்க மாட்டார்கள். இங்கே மரபணு டாக்டரம்மாவுக்கு இதை விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் குடும்ப மரம் வரைய ஒரு பெரிய தாளை விரித்தார். "உங்கள் மாமனார்?" என்று கேட்டார். "என் அம்மாவின் தம்பி" என்றேன். எனக்கு இத்தாலி பேச்சு சரியாக வரவில்லை என்று நினைத்து, மெதுவாக, கையைக் காட்டி, "அது மாமா. நான் கேட்பது மனைவியின் அப்பா" என்றார். "ஆமாம், அம்மாவின் தம்பி" என்றேன். அவர் இன்னும் மெதுவாகக் கேட்டார். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். கடைசியில் எட்டு வயசு கங்கா நடுவில் புகுந்து, அவர்கள் பாஷையில் என்னமோ படபடவென்று சொன்னாள். அப்போது அவளால் படபடவென்று பேச முடியும். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஓ!" என்றார்.

எல்லார் வீட்டு மரத்திலும் கிளை விரிந்துகொண்டே போகும். எங்கள் மரத்தில் விரிந்த கிளை திரும்பி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தாத்தா பாட்டியில் யாரோ ஒருவரிடமிருந்து வந்த ஒரே குறை, எனக்குள் ஒன்று, செல்விக்குள் ஒன்று என்று தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் அது யாரையும் தொந்தரவு செய்யாது. இரண்டும் ஒரே குழந்தையிடம் போய்ச் சேர்ந்தால்தான் விழிக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. "யார் மேலும் தப்பில்லை" என்று டாக்டரம்மா மூன்று முறை சொன்னார். செல்விக்கு மூன்றாவது முறைதான் காதில் விழுந்தது.

உதவித்தொகை கொடுக்கும் ஓர் அலுவலகம் மட்டும் இன்றைக்கும் வருஷம் தவறாமல் கூப்பிட்டு, உங்கள் மகளின் பிறவி நோய் இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறது. போன தடவை கங்கா, "இந்த வருஷம் லீவு போட்டிருக்கு, அடுத்த வாரம் வரும்" என்று சொன்னாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நாங்கள் வெளியே வந்து பஸ் வரும் வரைக்கும் சிரித்தோம்.

கங்கா எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறாள். அதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. சாம்பார் வேண்டாம் என்கிறாள். கனவு அவர்கள் பாஷையில் வருகிறதாம். அம்மனைக் கும்பிடும்போது மட்டும் தமிழ். "அம்மனுக்கு இத்தாலி தெரியாதுல்ல, பாவம்" என்கிறாள்.

3

போன வருஷம் சுமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதலில் சொந்தத்திலேயே ஒரு பையனைப் பேசியிருந்தார்கள். கங்காவின் விஷயம் தெரிந்த பிறகு, சொந்தத்தில் என்றால் முதலில் இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று சுமதி கேட்டிருக்கிறாள். பையன் வீட்டில் முகம் சுளித்தார்கள். விட்டுவிட்டார்கள். அப்புறம் பேரணாம்பட்டிலிருந்து, சொந்தத்துக்கு வெளியே, அசலில் ஒரு நல்ல இடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் அசலில் பெண் கொடுப்பது அதுதான் முதல் தடவை. "என்னாலதான் உனக்கு அசல் மாப்ள. எனக்கு இன்னா தருவே?" என்று கங்கா போனில் மிரட்டினாள்.

"நீதான் எனக்குத் தோழிப் பொண்ணு" என்றாள் சுமதி. "கோயில் வாசல்லேருந்து மணவறை வரைக்கும் என் கையப் புடிச்சிக்கினு என்கூட நடந்து வரணும்."

கங்கா என்னைப் பார்த்தாள். இங்கே டாக்டர் அந்த மாதம்தான் சொல்லியிருந்தார். சரியான ஷூவும் ஒரு கைப்பிடிப்பும் இருந்தால் கொஞ்ச தூரம் நடக்கலாம், அடுத்த வருஷம் இதைச் சொல்ல முடியாது என்று. நடந்தால் இந்தக் கல்யாணத்தில்தான் நடக்க வேண்டும். "வர்றேன்" என்றாள் கங்கா. "ஆனா இந்த போலீஸ் ஷூவோட வர மாட்டேன்."

இங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த ஷூ அது. கறுப்பு, கெட்டி, கணுக்காலுக்கு மேலே வரைக்கும் வரும். குறை சொல்லக் கூடாது, அதுதான் அவளை நிற்க வைத்தது. ஆனால் பட்டுப் பாவாடைக்குக் கீழே அதைப் போட்டால், கல்யாணத்துக்குப் பந்தோபஸ்து வந்த மாதிரிதான் இருக்கும்.

ஊருக்குப் போய் இறங்கியதும் என் அக்கா கமலா இதைக் கேட்டுக் கொதித்துப் போனாள். "உலகத்துக்கே ஷூ பண்ணி அனுப்பற ஊருடா இது. எங்க வீட்டுப் பொண்ணு காலுக்கு ஒரு ஜோடி வராதா?"

பேச்சு சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் முழு ஷூ செய்தவர்கள் இல்லை. கம்பெனி வேலை அப்படி. அக்கா கடைசியில் நின்று சரிபார்ப்பவள். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா தோலைக் கால் வடிவ அச்சில் இழுத்து மாட்டி, அடியில் சோல் ஒட்டுபவர். கல்யாணப் பெண் சுமதி தையல். நான் தோலுக்கு நிறம் ஏற்றுவேன், அது என்னவாக ஆகிறது என்று எனக்குத் தெரியாது. தோலும் வெட்டும் ஆளும் வேண்டும். அதற்கு என் தோஸ்த் அன்வர் பாய் இருந்தார். நானும் அவரும் ஒரே டேனரியில் இருந்தவர்கள். இப்போது ஆம்பூரில் இரண்டு மிஷின் போட்டுச் சின்னதாக ஜாப் வொர்க் செய்கிறார்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவர் பட்டறையில் கூடினோம். பாய் ஒரு செம்மறித் தோலை எடுத்துக் கங்காவின் கன்னத்தில் வைத்து, "இது போதுமா பாரு, இதைவிட மெத்துனு வேணும்னா வெண்ணெய்லதான் தைக்கணும்" என்றார். நான் அதற்குச் சிவப்பு ஏற்றினேன். போலீஸ் ஷூவுக்குள் பாதத்தைத் தாங்கும் அட்டையை உருவி எடுத்துக்கொண்டோம். பழைய அச்சு ஒரு ஜோடியில் தோல் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி, அவள் பாதம் போலவே குவித்து, மாமா ராசி பார்ப்பது போல அவள் காலையும் அச்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுமதி தைத்து முடித்ததும், கண்ணை எடுக்காமல் துண்டை வலது பக்கம் தள்ளிவிட்டாள். கம்பெனியில் வலது பக்கம் அடுத்த ஆள் இருப்பாள். இங்கே யாரும் இல்லை. அது கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தோம். அடுத்ததையும் தள்ளினாள். மூன்றாவது தடவை செல்வியே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வலது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மாமா இரண்டையும் அச்சில் ஏற்றி வைத்ததும் அக்கா வந்தாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவள் முகமே மாறிவிட்டது. நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து இடது ஷூவின் பக்கவாட்டில் ஒட்டினாள். கம்பெனியில் குறை இருக்கும் இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்தப் பழக்கம்.

"இடது ஒசரம் ஜாஸ்தி. வலதுக்கும் இதுக்கும் மேட்ச் இல்ல. ரிஜெக்ட்."

"அடியே, வேணும்னுதான் அப்படிப் பண்ணுது" என்றார் மாமா.

"வேணும்னு பண்ணாலும் ரிஜெக்ட் ரிஜெக்ட்தான். ஜோடின்னா ஜோடியா இருக்கணும்."

கங்கா நாற்காலியிலிருந்து தன் இரண்டு கால்களையும் மெதுவாக முன்னால் நீட்டினாள். "அத்தை, என் காலே மேட்ச் இல்ல. இதையும் ரிஜெக்ட் பண்ணுவியா?"

மிஷின் நின்றுவிட்டது. முதலில் சிரித்தது கங்காதான். அக்கா பொட்டைப் பிய்த்து மறுபடி நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். "உன் கால அம்மனே பாஸ் பண்ணிட்டா. அதுல நான் யாரு கை வைக்க? தையலை மட்டும் பாக்கறேன், குடு."

தையலில் ஒரு இடத்தைப் பிரித்துத் தைக்கச் சொன்னாள். கல்யாணப் பெண் என்றுகூடப் பார்க்கவில்லை.

4

அச்சிலேயே சில நாள் காய வேண்டும், பிறகு சோல் ஒட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை மறுபடி பட்டறையில் கூடினோம். மாமா பசையைக் குழைத்துக்கொண்டிருந்தார். சோல் இரண்டும் வெள்ளை வெளேரென்று வெயிலில் இருந்தன. அன்வர் பாய் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"ஏன் ஏழுமல, உங்க கெங்கையம்மன் கோயில்ல எப்போலேருந்து ஷூ போட்டுக்கினு உள்ள விடறாங்க?"

மாமாவின் பசைக்குச்சி அப்படியே நின்றது. அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நான் தினமும் விளக்கேற்றுகிறவன். செவ்வாய் வெள்ளி கவுச்சி தொடாதவன். வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் போவது என்பது மூன்று வயசுக் குழந்தைக்குத் தெரியும். ஒரு வாரமாக அத்தனை பேரும் ராப்பகலாக ஷூ, ஷூ என்று அலைந்ததில், அது எங்கே போகப்போகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்வதற்கு ஒரு பாய் வர வேண்டியிருந்தது.

"சேர்ல உக்கார வச்சித் தூக்கிட்டுப் போய்டலாம்" என்றாள் செல்வி மெதுவாக.

"வேணாம்" என்றாள் கங்கா. அவ்வளவுதான். வாயாடிப் பெண் ஒரே வார்த்தையில் நிறுத்தியது எங்களுக்குப் பேஜாராகிவிட்டது. வெறுங்காலில் அவளால் சுவரைப் பிடித்துக்கொண்டுகூட நிற்க முடியாது.

மாமா ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு தீர்ப்பு சொல்பவர் மாதிரி, "இது ஷூ இல்ல" என்றார்.

"பின்ன தோசையா?" என்றாள் அக்கா.

"சோல் ஒட்டியாச்சா? இல்ல. சோல் ஒட்டாத வரைக்கும் இது அப்பர். மேல்பாகம். நம்ம கம்பெனிலேருந்து கப்பல்ல போவுதே, அப்பர்னு எழுதித்தானே போவுது? ஷூன்னு எவனாவது எழுதறானா? ஒட்டினாத்தான் ஷூ."

அன்வர் பாய் தலையாட்டினார். சுமதி தலையாட்டினாள். ஜோடி பொருந்தவில்லை என்று பொட்டு ஒட்டிய என் அக்காவே, "அது கரெக்ட்டு. சோல் இல்லாம வந்தா நான் செக்கே பண்ண மாட்டேன், அது என் டேபிளுக்கு வராது" என்றாள். ஆம்பூரில் இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மனுஷர்களுக்கு நியாயம் சொல்லிவிடலாம், அம்மனிடம் கம்பெனி கணக்கு பேச முடியுமா? ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, பாய் வண்டியை வாங்கிக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கால்ல போடறதா?"

"கால்லதான் சாமி. ஆனா சோல் ஒட்டல."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் அட்டைதான் இருந்தது. "இது இல்லாட்டி அந்தப் பொண்ணு நிக்காதா?"

"நிக்காது."

வாளியை மாட்டின் பக்கம் நகர்த்தி வைத்தார். "மேளமும் தோலுதான். அவன் உள்ள நின்னுதான் அடிக்கறான். கால்ல கட்டு போட்டுக்கினு எத்தனை பேர் வர்றான், நான் அவுத்துட்டு வான்னா சொல்றேன்? அடியில புதுத் துணி வச்சிக் கட்டு. மஞ்சத் தண்ணில நனைச்சிக் கட்டு. மண்ணுல படாம வாசல்ல வச்சிப் போட்டு விடு." அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "செவப்பு நல்லா புடிச்சிருக்கு, யாரு ஏத்தனது?" என்றார்.

திரும்பும் வழியில் கோயில் வாசலில் நின்று அம்மனிடமும் தனியாகச் சொல்லிவிட்டேன். தப்பாக இருந்தால் என்னைக் கேள், அவளைக் கேட்காதே.

மாமா அடியில் கம்பளித் துணியைக் கனமாக வைத்து, அதன் மேல் மஞ்சள் துணியை இழுத்து ஒட்டினார். வெள்ளை சோல் இரண்டும் பாய் பட்டறையிலேயே தங்கிவிட்டன.

5

இந்த ஒரு வருஷத்தில் டாக்டர் சொன்னது நடந்துவிட்டது. இப்போது கங்காவுக்குச் சக்கர நாற்காலிதான். நல்ல நாற்காலி, மோட்டார் உண்டு. பள்ளிக்கூட வராந்தாவில் வேகமாக ஓட்டுகிறாள் என்று எனக்குக் கடிதம் வந்தது. நான் பெருமையோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். காலையில் கால் நீட்டிவிடுவது நிற்கவில்லை, விளக்கும் நிற்கவில்லை. அம்மன் கொடுத்ததைப் பற்றி நான் சண்டை போடுவதில்லை. அவ்வப்போது முறையிடுவேன், அது வீட்டுப் பிள்ளைக்கு உள்ள உரிமை.

கல்யாண நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

காலை முகூர்த்தம். கோயில் வாசலில் நாற்காலியை நிறுத்தி, நானே குனிந்து இரண்டையும் மாட்டிவிட்டேன். கங்கா பச்சைப் பாவாடை, சிவப்பு ரவிக்கை. சுமதி முழங்கையை நீட்டினாள். கங்கா அதில் தன் கையைக் கோத்துக்கொண்டு எழுந்தாள். முட்டி ஒரு தடவை ஆடி நின்றது. மேளம் ஆரம்பித்தது.

இரண்டு பக்கமும் ஜனம். முதல் வரிசை பூராவும் எங்கள் ஆட்கள். மாமா குனிந்து முன்பக்கம் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். அக்கா தையலைப் பார்த்தாள். நான் கணுக்காலை, செல்வி முட்டியை. அன்வர் பாய் மதிலுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, தோல் எங்கே மடிகிறது என்று எட்டிப் பார்த்தார். கல்யாணப் பெண் சுமதிகூடத் தலை குனிந்துதான் நடந்தாள். அடக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்திருப்பார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பிரித்துத் தைத்த அந்த இடத்தை.

பாதி வழியில் கங்கா நின்றுவிட்டாள்.

எனக்கு உயிரே போனது. செல்வி இரண்டு கையையும் நீட்டினாள். மேளக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்து அடிப்பதை நிறுத்தினார். கங்கா மூச்சு வாங்கினாள். பிறகு அவளுக்கே உரிய மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக, கோயில் பூராவும் கேட்கும்படி சொன்னாள்.

"எல்லாரும்... ஏன்... என் காலையே பாக்கறீங்க? மூஞ்சியப் பாருங்க. ஒரு மணி நேரம் மேக்கப் போட்டிருக்கேன்."

மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது. அது எங்கள் பக்கத்துக்கும் வந்தது. மேளக்காரர் சிரித்துக்கொண்டே மறுபடி அடிக்க ஆரம்பித்தார். நாங்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தோம். கண்ணுக்கு மை, உதட்டில் சிவப்பு, நெற்றியில் கல் பொட்டு. கன்னத்தில் வியர்வை, அதன் மேல் பவுடர். இவ்வளவு அழகாக எங்கள் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். கண்ணை எடுத்தபோது அவள் மணவறையில், சுமதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மிச்ச தூரத்தை எப்படிக் கால் வைத்துக் கடந்தாள் என்று கேட்டால், இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.